வெள்ளம் வரும் ஆண்டிலும் வயது பதினாறுதான்: காலநிலை மாற்றமும் இளையோர் நாவல்களும்

லாரா பிரௌனுக்குப் பதினாறு வயது. லண்டன்வாசி. நண்பர்களோடு சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருக்கிறாள். ரவி தத்தா என்ற பையன் தன்னை ஒருமுறையாவது ஏறெடுத்துப் பார்க்கமாட்டானா என்று தவிக்கிறாள். அக்காவோடு ஓயாத சண்டை. எந்த ஊர்ப் பதினாறு வயதுக்கும் இதெல்லாம் உள்ளதுதான். ஆனால் அவள் நாட்குறிப்பைத் தொடங்கும் அந்த ஜனவரியில், உலகிலேயே முதல் நாடாக இங்கிலாந்து தன் குடிமக்களுக்குக் கார்பன் ரேஷன் கொண்டுவருகிறது. ஆளுக்கு ஓர் அட்டை. வீட்டைச் சூடாக வைத்துக்கொண்டால் அதில் கழியும், காரில் ஏறினால் கழியும். அக்கா வீட்டில் அடைபட்டு வெடிக்கிறாள். அம்மா தன்னைக் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்புகிறார். அப்பா பன்றி வளர்க்கத் தொடங்குகிறார். 'அப்பாவுக்கு என்னைவிடப் பன்றிமேல்தான் பாசமோ' என்பது அந்த ஆண்டு லாராவுக்கு வந்த உண்மையான சந்தேகங்களில் ஒன்று.

சாசி லாய்ட் எழுதிய 'தி கார்பன் டைரீஸ் 2015' நாவலின் கதை இது. 2008-இல் வெளிவந்தது, அந்த ஆண்டு பிரிட்டனின் கோஸ்டா இலக்கிய விருதின் சிறார் பிரிவில் இறுதிப் பட்டியல்வரை போனது. லாய்ட் கிழக்கு லண்டனில் பதினாறு, பதினேழு வயது மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர். அந்த வயதின் கோபமும் கேலியும் தன்னிரக்கமும் அவருக்கு வகுப்பறையிலேயே கேட்டுப் பழகியவை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. காலநிலை மாற்றத்தை வைத்து இளையோருக்கென எழுதப்பட்டவற்றில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது இந்த நாவலைத்தான். அதில் வெள்ளமும் இருக்கிறது, வறட்சியும் இருக்கிறது. என்னை இழுப்பது குளியலறை வாசலில் நடக்கும் சண்டை. யார் எத்தனை நிமிடம் வெந்நீரைத் திறந்துவிடலாம் என்ற அந்தச் சண்டைக்குள் உலக வெப்பமாதல் முழுவதும் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அட்டை என்ற யோசனை வெறும் கற்பனையும் இல்லை. தனிமனிதருக்கு எரிசக்தி ஒதுக்கீடு என்ற திட்டத்தை டேவிட் ஃபிளெமிங் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1996-இலேயே முன்வைத்திருந்தார். 2006-இல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் அதை வெளிப்படையாகப் பேசினார்: ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு கார்பன், மீதம் வைப்பவர் விற்கலாம், போதாதவர் வாங்கலாம். ஆய்வு நடந்தது. 2008-ஆம் ஆண்டு மே மாதம் அமைச்சகம் கையை விரித்தது. செலவு அதிகம், மக்கள் ஏற்கமாட்டார்கள், காலத்தை முந்திய யோசனை என்பது அதன் முடிவு. அதே ஆண்டு நவம்பரில், 2050-க்குள் பசுமைக்குடில் வாயுக்களை 80 விழுக்காடு குறைப்பது என்று சட்டம் மட்டும் நிறைவேறியது. அரசு கைவிட்ட யோசனையை அதே ஆண்டில் ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் பையில் போட்டு அனுப்பினார் லாய்ட்.

'ரேஷன்' என்ற சொல்லிலும் சற்று நிற்க வேண்டும். பிரிட்டனில் அது போர்க்காலச் சொல். 1940 ஜனவரி 8 அன்று பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரையில் தொடங்கிய பங்கீடு போர் முடிந்தும் நீண்டு, 1954 ஜூலையில்தான் முழுதாக முடிந்தது. அந்த ஊர்த் தாத்தா பாட்டிகளுக்கு அது பற்றாக்குறையை எல்லோரும் சேர்ந்து சுமந்த நினைவு. பேரப்பிள்ளைகளுக்கு அது வரலாற்றுப் பாடம். நமக்கோ ரேஷன் வாரா வாரம் காதில் விழும் சொல். 'இன்னைக்கு ரேஷன்ல பருப்பு போடுறாங்களாம்' என்றால் வீட்டில் ஓர் ஆள் பையோடு கிளம்ப வேண்டும். அங்கே கையிலிருந்து பிடுங்கப்படுவது, இங்கே கைக்கு வந்து சேர்வது. லாராவின் வீடு அட்டையைப் பார்த்து அலறும் இடங்களில் தமிழ் வாசகருக்கு ஒரு கணம் அந்த அலறல் புரியாமலும் போகலாம். குழாயைத் திறந்தால் எப்போதும் வெந்நீர் வரும் என்று நம்பி வளர்ந்த வீடு அது என்று நினைவுபடுத்திக்கொண்டால்தான் கதையின் வலி பிடிபடும்.

அதே 2008-இல் அமெரிக்காவில் இன்னொரு இளையோர் நாவல் வந்தது. 'தி ஹங்கர் கேம்ஸ்'. உலகமே படித்தது, படமாக வந்தபோது உலகமே பார்த்தது. அதன் முதல் அத்தியாயத்திலேயே காலநிலை இருக்கிறது என்பதைப் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். பனெம் என்ற நாடு எப்படி உருவானது என்று மேயர் விழா மேடையில் வாசிக்கும்போது வறட்சி, புயல், தீ, நிலத்தை விழுங்கிய கடல் என்று வரிசையாகச் சொல்கிறார். அதோடு சரி. அதன்பின் கதையின் எதிரி ஒரு கொடுங்கோல் அதிபர். அம்பெய்தால் எட்டக்கூடிய எதிரி.

காலநிலையைப் பற்றி எழுதுபவர் ஒவ்வொருவரும் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான் என்று நினைக்கிறேன். கதைக்கு எதிரி தேவை, வேகம் தேவை, ஒரு முடிவு தேவை. காற்றில் சேரும் கார்பன் டை ஆக்சைடுக்கு முகமில்லை. நேற்றுப் புகைவிட்டவர் வேறு, இன்று மூழ்குபவர் வேறு. இடையில் பல பத்தாண்டுகள். கொஞ்சம் நேர்மையாகப் பார்த்தால் குற்றவாளிப் பட்டியலில் நம் வீட்டு ஸ்கூட்டரும் ஏசியும் வந்துவிடும். எனவே பெரும்பாலான எழுத்தாளர்கள் பேரழிவை முன்கதையில் தள்ளிவிட்டு, அதற்குப் பின் முளைத்த ஓர் அரக்கனோடு பிள்ளைகளை மோதவிடுகிறார்கள். கதை ஓடுகிறது, காலநிலை திரைச்சீலையாகிவிடுகிறது. 2016-இல் நாவலாசிரியர் அமிதாவ் கோஷ் 'தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்' நூலில், தீவிர இலக்கியம் காலநிலையைத் தொடாமலே ஒதுங்கி நிற்கிறது என்று குறைப்பட்டார். பெரியவர்களுக்கான நாவல்களை மனதில் வைத்து அவர் சொன்னது அது. இளையோர் அலமாரியில் காலநிலை முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. பல நேரம் இப்படி, வெறும் திரைச்சீலையாக.

இளையோர் நாவல் என்ற வகையே பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரையான வயதை மனதில் வைத்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நூலகங்களும் பதிப்பகங்களும் வளர்த்தெடுத்தது. அதன் அடியில் ஓடும் கதை பழையது: பிள்ளை வீட்டைவிட்டு வெளியே போகிறது, அடிபடுகிறது, தன்னைத் தெரிந்துகொள்கிறது, பெரியவர்களின் உலகில் தனக்கான இடத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த இடம் அங்கே காத்திருக்கும் என்பது சொல்லப்படாத ஒப்பந்தம். காலநிலை கைவைப்பது அந்த ஒப்பந்தத்தில். 'பெரியவளானதும் என்ன ஆகப் போறே' என்று கேட்கும் மாமாவுக்கு அந்தப் பிள்ளை மனதுக்குள் வேறு பதில் வைத்திருக்கிறது. 2021-இல் இந்தியா உட்படப் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுவரையுள்ள பத்தாயிரம் பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது, லான்செட் குழும இதழில் வெளியானது. எதிர்காலம் அச்சமூட்டுகிறது என்றவர்கள் நூற்றுக்கு 75 பேர். காலநிலையைப் பற்றி மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னவர்கள் 59 பேர். இந்தக் கவலை அன்றாட வாழ்க்கையையே பாதிக்கிறது என்று 45 பேருக்கு மேல் சொன்னார்கள்.

மிகையான பயம் என்று ஒதுக்கவும் முடியாது. அதே ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வந்த கணக்கு ஒன்று தலைமுறைகளை ஒப்பிட்டது. அரசுகள் அப்போது தந்திருந்த வாக்குறுதிகளின்படியே உலகம் போனாலும், 1960-இல் பிறந்தவர் வாழ்நாளில் காணும் வெப்ப அலைகளைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கை 2020-இல் பிறந்த குழந்தை காணும். தாத்தா ஒருமுறை வியர்த்தால் பேத்தி ஏழுமுறை. இந்தக் கணக்கு பாடப்புத்தகத்தில் ஒரு வரைபடமாக வரும், மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டுப் போவார்கள். நாவலில் அது அப்பாவோடு பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு வாரமாக வரும்.

ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜூலி பெர்டக்னாவின் 'எக்ஸோடஸ்' (2002) வேறு வழியில் போகிறது. ஆண்டு 2099. கடல் ஏறிக்கொண்டே வர, விங் என்ற தீவின் மக்கள் படகேறுகிறார்கள். வழிகாட்டுவது மாரா என்ற பதினைந்து வயதுப் பெண். மூழ்கிய கிளாஸ்கோ நகரின்மேல் வானுயர எழுப்பிய ஒரு நகரம் இருக்கிறது. அதைச் சுற்றி மதில். மதிலுக்கு வெளியே, உள்ளே விடப்படாத அகதிகளின் படகுகள் அழுக்குத் தண்ணீரில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கிடக்கின்றன. அந்தப் படகுக் கூட்டம் வரும் பக்கங்களை என்னால் வேகமாகக் கடக்க முடிவதில்லை. கடல் கடந்து அகதியாகப் போன உறவினர் இல்லாத ஈழத்துக் குடும்பம் அரிது. மதிலுக்கு வெளியே காத்திருப்பது என்றால் என்னவென்று நம் மொழியில் பலருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2021-இல் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்தது இதே கிளாஸ்கோவில்.

பாவ்லோ பாசிகலுப்பியின் 'ஷிப் பிரேக்கர்' (2010) இளையோர் நூல்களுக்கான அமெரிக்காவின் பிரின்ட்ஸ் விருதை அடுத்த ஆண்டு பெற்றது. மெக்சிகோ வளைகுடாக் கரையில் காலாவதியான எண்ணெய்க் கப்பல்களை உடைக்கும் கூட்டத்தில் நெய்லர் என்ற சிறுவன். உடம்பு சின்னது என்பதால் குறுகிய குழாய்களுக்குள் நுழைந்து செம்புக் கம்பியை உருவி எடுப்பது அவன் வேலை. வளர்ந்துவிட்டால் வேலை போய்விடும். வளர்வதற்கே பயப்படும் ஒரு பதின்பருவத்தை இதைவிடக் கூர்மையாக வேறெங்கும் படித்ததில்லை. அமெரிக்க வாசகருக்கு இது எதிர்காலம். குஜராத்தின் அலங்கிலும் வங்கதேசத்தின் சிட்டகாங்கிலும் கரையில் ஏற்றிய கப்பல்களை ஆட்கள் கையால் உடைத்துக்கொண்டிருப்பது இன்றைக்கு நடக்கிற வேலை. பணக்கார நாட்டு நாவல் 'வரப்போகிறது' என்று எச்சரிக்கும் பலவும் ஏழை நாட்டில் ஏற்கெனவே நடப்பவை. இந்த வகை நாவல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வரும் மனத்தாங்கல் இது.

நீல் ஷஸ்டர்மனும் அவர் மகன் ஜாரடும் சேர்ந்து எழுதிய 'டிரை' (2018) நாவலிலும் அதே உணர்வு. தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒருநாள் குழாயில் தண்ணீர் நின்றுவிடுகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்கள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுக் கடற்கரைக்குப் போன பெற்றோர் திரும்பவில்லை. பதினாறு வயது அலிஸா தம்பியோடு தனியாக நிற்கிறாள். சில நாட்களுக்குள் அக்கம்பக்கத்தார் மிருகமாகிறார்கள். வேகம் குறையாத நாவல், கீழே வைக்க முடியாது. ஆனாலும் 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் தரைதட்டியபோது ஊர் அப்படி ஆகவில்லை. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று ரயிலில் தண்ணீர் வந்தது. தெருவில் வண்ணவண்ணக் குடங்கள் வரிசையில் நின்றன. லாரி எத்தனை மணிக்கு வரும் என்று தெரியாததால் விடியற்காலையிலேயே யாராவது ஒருவர் முழித்திருக்க வேண்டும். பல வீடுகளில் அந்த ஒருவர் பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளை. சண்டையும் நடந்தது. 'அக்கா, ரெண்டு குடம் எனக்கும் சேத்துப் பிடிச்சு வைங்க' என்ற குரலும் இருந்தது. நாகரிகம் மூன்று நாளில் கழன்று விழும் என்று நம்புகிற கதைகளில் இந்தக் குரலுக்கு இடமில்லை. லாய்டின் நாவலில் இருக்கிறது. அதில் தெரு பிரிகிறது, பிறகு சேர்கிறது, மறுபடி பிரிகிறது.

இவற்றைப் படிப்பதால் ஏதாவது மாறுகிறதா? இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மேத்யூ ஷ்னைடர்-மேயர்சன் என்ற ஆய்வாளர் காலநிலைப் புனைவு படித்த 161 அமெரிக்க வாசகர்களைக் கேட்டு 2018-இல் எழுதினார். நாவல்கள் அவர்களை எதிர்காலத்தைக் கண்முன் காண வைத்திருந்தன. கூடவே பலரிடம் துயரமும் கையறு நிலையும் மிஞ்சியிருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து அவரும் வேறு சிலரும் காலநிலைச் சிறுகதைகளைப் படிக்கத் தந்து ஒரு சோதனை நடத்தினார்கள். படித்த உடனே அக்கறை சற்றுக் கூடியிருந்தது, ஒரு மாதத்தில் அந்த மாற்றம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. கதை படித்தால் மனம் திருந்தும் என்று எண்ணிப் பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்குபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இல்லை. மருந்துச்சீட்டைப்போல நாவலை நீட்டுவதே முதலில் தவறு. பயந்துபோன பிள்ளைக்கு, தன்னைப்போலவே பயந்துகொண்டு, ஆனாலும் பாட்டுப் பயிற்சிக்கு நேரமாச்சு என்று ஓடுகிற இன்னொரு பிள்ளை புத்தகத்தில் கிடைக்கிறது. அந்தத் துணை ஒரு மாதம் நின்றாலும் போதும்.

இதற்கிடையில் நிஜப் பிள்ளைகள் புத்தகத்தைவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். 2018 ஆகஸ்டில் பதினைந்து வயது கிரேட்டா துன்பர்க் காலநிலைக்காகப் பள்ளிக்குப் போகாமல் ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன் உட்கார்ந்தார். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பதினாறு இளையோர் மாநில அரசுமீதே வழக்குப் போட்டார்கள். தூய, நலமான சுற்றுச்சூழல் மக்களின் உரிமை என்று அந்த மாநிலத்தின் அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் அவர்கள் பக்கம் தீர்ப்பானது, 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நான் படித்த நாவல்கள் எதிலும் பதின்பருவத்தினர் இப்படி வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகக் காத்திருந்து ஜெயிப்பதில்லை. மதிலை உடைக்கிறார்கள், படகைத் திருடுகிறார்கள். கோப்பும் சாட்சியமும் காத்திருப்பும் கதைக்கு உதவாது என்று எழுத்தாளர்கள் நினைத்திருக்கலாம். லாராவின் குளியலறைச் சண்டையே கதையானபோது இது ஆகாதா என்ன?

இந்தியாவிலும் தொடக்கங்கள் உண்டு. பிஜல் வச்சராஜானியின் 'எ கிளவுட் கால்டு பூரா' (2019) மும்பை வானத்தில் ஒரு பழுப்பு மேகம் வந்து தங்கிவிடுவதைப் பிள்ளைகளின் கண்ணால் சொல்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தமிழில் சிறார் நூல்கள் இப்போது நன்றாகவே வருகின்றன. ஆனால் சிறார் அலமாரி பன்னிரண்டு வயதோடு முடிகிறது, அடுத்த அலமாரி நேராகப் பெரியவர்களுடையது. நடுவில் ஒன்பதாவதும் பத்தாவதும் பிளஸ் டூவும் படிக்கிற பிள்ளை நிற்கிறது. அந்த வயதில் நம் வீடுகள் கையில் கொடுப்பது கைடு மட்டும்தான்.

லாரா நாட்குறிப்பு எழுதிய ஆண்டு 2015. அவளுடைய டிசம்பரில் தேம்ஸ் நதி லண்டனுக்குள் வருகிறது. உண்மையான 2015 டிசம்பரில் லண்டன் நனையவில்லை. அம்மாதம் முதல் தேதி பெய்த மழையில் அடையாறு கரையுடைத்துச் சென்னைக்குள் வந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். பதினொரு நாள் கழித்து, உலக வெப்பமாதலைக் கட்டுப்படுத்துவதற்கான பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்துக்குத் தயாரானது. அந்தச் சென்னை மழைக்கு உலக வெப்பமாதல் காரணமா என்று ஆராய்ந்த அறிவியலாளர்களுக்கு அப்படி உறுதியாகச் சொல்லத்தக்க தடயம் கிடைக்கவில்லை. ஏரியில் கட்டிய வீடுகள், குறுகிப்போன ஆறு, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட நேரம் என்று காரணங்கள் உள்ளூரிலேயே குவிந்து கிடந்தன. இதை எழுதப்போகிற தமிழ் நாவலாசிரியர் 'இயற்கை தண்டித்தது' என்ற ஒற்றை வரியில் தப்பிக்க முடியாது. பதினாறு வயது வாசகர் கேட்பார்: எங்க வீடு கட்டின இடம் முன்னாடி ஏரியாப்பா?

அந்த மாதம் அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. பாடப்புத்தகமும் சான்றிதழும் நனைந்து கூழாகிப்போன மாணவர்களுக்காகச் சிறப்பு முகாம்கள் போட்டு நகல் சான்றிதழ் கொடுத்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் தெருவில் பல மொட்டைமாடிகளில் புத்தகங்களை விரித்துக் காயவைத்திருந்தார்கள். எதிர்மாடியில் பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி இயற்பியல் நோட்டின் ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி, ஓரமாகப் போட்டிருந்த இன்னொரு சின்ன நோட்டை எடுத்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அதை மட்டும் வெயில் நன்றாக விழுகிற இடத்துக்கு மாற்றி வைத்தாள்.